கெர்னல் மேம்படுத்தலுக்குப் பின் டிஸ்க் கன்ட்ரோலர் பிழைகள்: சங்கிலி எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வர் ஒன்றில் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) மேம்படுத்தி மறுதொடக்கம் செய்ததும், ரூட் டிஸ்க் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்) கிடைக்கவில்லை என்று சொல்லி அவசர ஷெல்லில் நின்றுவிடுகிறது. கெர்னலை ஏற்றும் கிரப் நிரலின் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் எந்தச் சிக்கலும் இல்லாமல் எழுந்துவிடுகிறது. டிஸ்க் பழுதாகிவிட்டதா, ரெய்டு அட்டை (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் கன்ட்ரோலர்) போய்விட்டதா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டுமா?

முதலில் மனத்தை அமைதிப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய கெர்னலில் சர்வர் எழுகிறது என்பதே டிஸ்க், கேபிள், அட்டை, அட்டைக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஆகியவை வேலை செய்கின்றன என்பதற்குப் போதுமான சான்று. தரவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. புதிய கெர்னலுக்கு அதை எட்டும் வழிதான் தெரியவில்லை. ஆகவே இப்போதைக்குச் செய்யக்கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவசர ஷெல்லிலிருந்து கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் கட்டளை எதையும் ஓட்டாதீர்கள். ரெய்டு அட்டையின் அமைப்புத் திரைக்குள் போய் மெய்நிகர் டிஸ்க்கை இனிஷியலைஸ் (வெறுமையாக்கிப் புதிதாகத் தொடங்குதல்) செய்யாதீர்கள். அந்தத் திரையில் 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' (டிஸ்க்குகளில் உள்ள ரெய்டு குறிப்பு அட்டைக்கு அந்நியமானது) என்று காட்டினால் 'கிளியர்' என்பதைத் தொடாதீர்கள். கெர்னல் சிக்கலால் தரவை இழந்தவர்களை விட, கெர்னல் சிக்கலை டிஸ்க் சிக்கல் என்று நினைத்துக் 'குணப்படுத்தப்' போய்த் தரவை இழந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பழைய கெர்னலிலும் இதே பிழை வந்தால் கதை வேறு. நெடுநாள் நிறுத்தப்படாமல் ஓடிய சர்வரில், தேய்ந்துபோன டிஸ்க்கோ அட்டையோ மறுதொடக்கத்தின்போதுதான் தன் பழுதை வெளிக்காட்டும். பழி மேம்படுத்தலின் மேல் விழும். அதே நேரத்தில் கணினியின் அடிப்படை நிரலான பயாஸையும் புதுப்பித்திருந்தால், சாட்டா கன்ட்ரோலரின் அமைப்பு ஏஹெச்சிஐ என்ற நேரடி முறையிலிருந்து ரெய்டு முறைக்கு மாறியிருக்கவும் கூடும். இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டே மேலே போக வேண்டும்.

பலரைக் குழப்பும் ஒரு விஷயத்தை இங்கே விளக்கிவிடுவது நல்லது. கிரப் அதே டிஸ்க்கிலிருந்துதானே கெர்னலைப் படித்தது, அப்படியிருக்க அந்த டிஸ்க் கெர்னலுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்ற கேள்வி இயல்பாக எழும். கிரப் பொதுவாகத் தனக்கென்று டிரைவர் (வன்பொருளுடன் பேசும் நிரல்) எதையும் பயன்படுத்துவதில்லை. பயாஸ் அல்லது அதன் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ தரும் வசதியைக் கொண்டும், அட்டையில் உள்ள ரோம் நிரலைக் கொண்டும் டிஸ்க்கைப் படிக்கிறது. கெர்னல் நினைவகத்தில் ஏறி ஓடத் தொடங்கிய கணத்திலிருந்து அந்த வசதியை அது நம்புவதில்லை, தன்னுடைய டிரைவரைக் கொண்டே அட்டையுடன் பேச வேண்டும். அந்த டிரைவரோ பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் (ரெட்ஹாட், டெபியன் போன்றவற்றில்) கெர்னலுக்குள் இல்லை. தேவைப்படும்போது கெர்னலில் ஏற்றும் தனி மாட்யூலாக இருக்கிறது. மாட்யூல் இருக்கும் டிஸ்க்கைப் படிக்கவே மாட்யூல் தேவைப்படும் என்பதால்தான், தேவையான மாட்யூல்களைத் திரட்டி இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்பில் அடைத்து, கெர்னலோடு சேர்த்து கிரப் அதையும் நினைவகத்தில் ஏற்றுகிறது.

எனவே டிஸ்க் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் ஐந்து காரியங்கள் சங்கிலியின் கண்ணிகளைப் போல வரிசையாக நடந்தாக வேண்டும். அட்டைகள் கணினியோடு இணையும் பிசிஐ தடத்தில் அட்டை தென்பட வேண்டும்; அதற்குரிய மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருந்து ஏற வேண்டும்; அந்த மாட்யூல் இந்த அட்டையின் எண்ணைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ள வேண்டும்; அட்டையின் ஃபர்ம்வேர் பதில் சொல்லி டிஸ்க்குகளை வெளிக்காட்ட வேண்டும்; கடைசியாக, கெர்னல் தேடும் பெயரும் கிடைத்த டிஸ்க்கின் பெயரும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் பிழை எதுவாக இருந்தாலும் இந்த ஐந்தில் ஒன்று அறுந்ததன் விளைவுதான். எது அறுந்தது என்று தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் பூட் அளவுருக்களை (கெர்னலுக்குத் தொடக்கத்தில் கொடுக்கும் அமைப்புகளை) ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது நேர விரயம் மட்டுமல்ல, பிறகு எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும்.

திரையில் நின்ற கடைசிச் செய்தி முதல் தடயம். 'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன் பிளாக் (0,0)' என்று கெர்னல் பேனிக் (கெர்னல் முற்றிலும் நின்றுபோதல்) வந்தால், பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ் ஏறவே இல்லை என்று பொருள், அந்தக் கோப்பு உருவாகாமலோ பாதியில் நின்றோ போயிருக்கும். ரெட்ஹாட் வழி வந்த இயங்குதளங்களில் இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்கும் டிராகட் கருவியின் இனிட்கியூ (சாதனங்களுக்காகக் காத்திருக்கும் கட்டம்) நேரம் கடந்துவிட்டது என்ற எச்சரிக்கை பலமுறை ஓடி, ரூட் சாதனம் இல்லை என்று சொல்லி டிராகட் ஷெல் திறந்தால், அல்லது டெபியன், உபுண்டுவில் குறிப்பிட்ட யூயூஐடி (கோப்பு முறைமையின் தனி அடையாள எண்) இல்லை என்ற அலர்ட்டுடன் இனிட்ராம்எஃப்எஸ் ஷெல் திறந்தால், இனிட்ராம்எஃப்எஸ் ஏறிவிட்டது, ஆனால் சங்கிலி அதற்குப் பிந்தைய ஏதோ ஓர் இடத்தில் அறுந்திருக்கிறது.

அந்த ஷெல்லை வீணாக்காதீர்கள். அதில் பல கட்டளைகள் இருக்காது. அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கூடப் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் இருக்கும். பிராக் அடைவில் உள்ள பார்ட்டிஷன்ஸ் கோப்பைப் படித்தால் கெர்னலுக்குத் தெரிந்த டிஸ்க்குகள் அத்தனையும் வரும். அதில் எஸ்டிஏ போன்ற பெயர் ஒன்றுகூட இல்லையென்றால் டிஸ்க் வெளிப்படவே இல்லை. இருந்தால் உங்கள் சிக்கல் டிரைவரில் இல்லை, பெயரில் இருக்கிறது. அதேபோல் பிராக் அடைவின் மாட்யூல்ஸ் கோப்பில் உங்கள் அட்டையின் டிரைவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு கோப்புகளும் பாதி விடையைச் சொல்லிவிடும்.

மீதிப் பாதிக்குப் பழைய கெர்னலில் எழுந்து, எல்எஸ்பிசிஐ கட்டளையை 'என்என்கே' விருப்பங்களுடன் ஓட்டுங்கள். ரெய்டு அல்லது சாஸ் (சர்வர் டிஸ்க்குகளை இணைக்கும் முறை) கன்ட்ரோலர் என்று வரும் வரியின் முடிவில் சதுர அடைப்புக்குள் 1000:0072 என்பது போல ஓர் இணை எண் இருக்கும். முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும். 1000 என்றால் எல்எஸ்ஐ, பின்னர் பிராட்காமின் கைக்கு வந்தது. 1028 என்றால் டெல். இரண்டாம் பாதி சிப்பைக் குறிக்கும். அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரியில் டிரைவரின் பெயர் இருக்கும். இந்த எண்ணையும் பெயரையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் வணிகப் பெயர் உதவாது. ஒரே பெயரில் வெவ்வேறு சிப்புகளும், வெவ்வேறு பெயர்களில் ஒரே சிப்பும் விற்கப்பட்டிருக்கின்றன. கெர்னல் பார்ப்பது எண்ணை மட்டுமே.

இனி காரணங்களுக்கு வருவோம். எளியது, அடிக்கடி நேர்வது, இனிட்ராம்எஃப்எஸ்ஸில் மாட்யூல் இல்லாமல் போவது. கெர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பகுதி நிரம்பியிருக்கும்போது மேம்படுத்தினால் கோப்பு அரைகுறையாக எழுதப்படும். தொகுப்பு நிறுவி கொடுத்த பிழைச் செய்தி நூறு வரிகளுக்கு நடுவே கண்ணில் படாமல் ஓடிவிடும். பூட் அடைவில் பழைய, புதிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்புகளின் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். புதியது பாதிக்கும் குறைவாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இன்னொரு வகை, டிராகட் தன் இயல்பான 'ஹோஸ்ட்ஒன்லி' முறையில் அப்போது அந்தக் கணினியில் இருந்த வன்பொருளுக்கு வேண்டிய மாட்யூல்களை மட்டும் அடைப்பதால் வருவது. டெபியனில் மாட்யூல்ஸ் அமைப்பை 'டெப்' என்று வைத்திருந்தாலும் இதே விளைவுதான். டிஸ்க்கை வேறு கணினிக்கு மாற்றியிருந்தாலோ, நிஜ சர்வரை மெய்நிகர் இயந்திரமாக்கியிருந்தாலோ இது நிச்சயம் கடிக்கும்.

இதற்குத் தீர்வு கடினமில்லை. பழைய கெர்னலில் எழுந்து, பூட் பகுதியில் இடம் ஒதுக்கி, ரெட்ஹாட் வகையில் டிராகட்டை 'ஃபோர்ஸ்' விருப்பத்துடனும் புதிய கெர்னலின் முழுப் பதிப்பு எண்ணுடனும் ஓட்டுங்கள். பதிப்பைக் குறிப்பிட மறந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னலுக்கே மறுபடி உருவாகும். டெபியன் வகையில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் அதே வேலையைச் செய்யும். மாட்யூலைக் கட்டாயம் சேர்க்க டிராகட்டில் 'ஆட்-டிரைவர்ஸ்' விருப்பம் இருக்கிறது. உருவானதும் எல்எஸ்இனிட்ஆர்டி அல்லது எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையால் கோப்பின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு, டிரைவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பின்பே மறுதொடக்கம் செய்யுங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவிர்த்துவிட்டுத்தான் பலர் இரண்டாம் முறையும் அதே ஷெல்லில் போய் நிற்கிறார்கள்.

அடுத்த காரணம்தான் பழைய சர்வர்களை வைத்திருப்போருக்கு மிகுந்த மனவேதனை தருவது: டிரைவர் இருக்கும், ஏறவும் செய்யும், ஆனால் உங்கள் அட்டையை ஏற்றுக்கொள்ளாது. இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7இலிருந்து 8க்கு மாறியது. 2014இல் வந்த 7ஆம் பதிப்பின் கெர்னல் 3.10, 2019இல் வந்த 8ஆம் பதிப்பின் கெர்னல் 4.18. இந்த மாற்றத்தில் சில பழைய டிரைவர்களை ரெட்ஹாட் முழுவதுமாக நீக்கியது. எம்பிடி3சாஸ், மெகாரெய்டு-சாஸ் போன்ற டிரைவர்களை வைத்துக்கொண்டு, அவற்றின் பட்டியலிலிருந்து பழைய அட்டைகளின் எண்களை மட்டும் எடுத்துவிட்டது. டெல் பெர்க் எச்200 அட்டையில் இருக்கும் சாஸ்2008 சிப்பின் எண் 1000:0072. எச்700 அட்டையினுடையது 1000:0079. எச்310 அட்டையினுடையது 1000:0073. பெர்க் 6 வரிசையினுடையது 1000:0060. நான்கும் எடுக்கப்பட்டவற்றுள் அடங்கும். ரெட்ஹாட் 7இன் இலவச வடிவமான சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்ததால், அதுவரை தள்ளிப்போட்டு வந்தவர்கள் பலர் ஒரே சமயத்தில் இந்தச் சுவரில் மோதினார்கள்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். இந்த எண்கள் லினக்ஸின் மூலக் கெர்னலில் இருந்து அப்போது நீக்கப்படவில்லை. விநியோகத்தைத் தயாரித்தவர், பத்தாண்டுக் காலம் சோதித்து ஆதரவு தர முடியாத வன்பொருள் என்று முடிவு செய்து எடுத்தவை. வணிகக் கணக்கில் அது புரியக்கூடியதே. ஆனாலும் நன்றாக வேலை செய்யும் வன்பொருளை ஒரு பட்டியல் வரியால் குப்பைக்கு அனுப்புவது எனக்கு உடன்பாடானதல்ல. சிறு நிறுவனங்களும் கல்லூரி ஆய்வகங்களும் கைமாறி வந்த சர்வர்களை நம்பியே இயங்குகின்றன.

உங்கள் சிக்கல் இதுதானா என்று அறிய ஒரு நேரடி வழி உண்டு. பழைய கெர்னலில் எழுந்து, மாட்இன்ஃபோ கட்டளையை 'கே' விருப்பத்துடன் புதிய கெர்னலின் பதிப்பையும் டிரைவரின் பெயரையும் கொடுத்து ஓட்டுங்கள். ஓடாத கெர்னலின் மாட்யூலையும் அது படித்துக் காட்டும். வெளியீட்டில் 'ஏலியாஸ்' என்று தொடங்கும் வரிகளே அந்த டிரைவர் ஏற்கும் அட்டைகளின் பட்டியல். ஒவ்வொரு வரியிலும் தயாரிப்பாளர் எண்ணும் சிப் எண்ணும் எட்டு இலக்கங்களாக நீட்டி எழுதப்பட்டிருக்கும். 00001000 என்பதை அடுத்து 00000072 வரும் வரி பழைய மாட்யூலில் இருந்து, புதிய மாட்யூலில் இல்லையென்றால், ஐயத்திற்கு இடமில்லை. இனிட்ராம்எஃப்எஸ்ஸை எத்தனை முறை மறுபடி உருவாக்கினாலும் பயன் இல்லை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, எல்ரெப்போ என்ற தன்னார்வத் தொகுப்பகம் இந்த எண்களை மீண்டும் சேர்த்துத் தரும் 'கேமாட்' (கெர்னல் மாட்யூல்) தொகுப்புகள். புதிதாக நிறுவுவோருக்கு நிறுவலின்போதே ஏற்றக்கூடிய டிரைவர் டிஸ்க் படிமங்களையும் அது தருகிறது. இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு துணைப் பதிப்பு மாறும்போதும் தொகுப்பும் மாற வேண்டியிருக்கலாம். இயங்குதளம் முந்திக்கொண்டு கேமாட் பின்தங்கினால் மறுபடியும் அதே ஷெல்தான். இரண்டாவது, எண்களைத் திரும்பச் சேர்த்த விநியோகத்துக்கு மாறுவது; அல்மாலினக்ஸ் 2024இல் வெளியிட்ட 9.4 பதிப்பில் மெகாரெய்டு-சாஸ், எம்பிடி3சாஸ், ஹெச்பிஎஸ்ஏ, ஏஏசிரெய்டு முதலிய டிரைவர்களில் நீக்கப்பட்ட அட்டைகளுக்கு மீண்டும் இடமளித்தது. டெபியன் போன்றவை இந்த எண்களை நீக்கவே இல்லை. மூன்றாவது, அட்டையை மாற்றுவது. வன்பொருள் ரெய்டில் இருக்கும் டிஸ்க்குகளை வேறு தலைமுறை அட்டை அப்படியே ஏற்கும் என்று நம்பி இறங்காதீர்கள். ரெய்டின் குறிப்பு டிஸ்க்குகளில் அந்த அட்டைக் குடும்பத்துக்குரிய வடிவில்தான் இருக்கும். முழு காப்பு நகல் எடுத்து, அதை வேறோர் இடத்தில் மீட்டுப் பார்த்த பிறகே அட்டையைக் கழற்றுங்கள். என்னைக் கேட்டால், மாற்றுவது என்று முடிவானால் டிஸ்க்குகளை அப்படியே காட்டும் சாதாரண ஹெச்பிஏ அட்டையும் லினக்ஸின் மென்பொருள் ரெய்டும் போதும். அந்த வகை ரெய்டை எந்த அட்டையின் பின்னாலும் படிக்க முடியும்.

ரெட்ஹாட் வகையில் 7இலிருந்து 8 போன்ற பதிப்புத் தாவலை இன்னும் செய்யாதவர்கள் அதற்கான லீப் கருவியின் முன்சோதனையை ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். நீக்கப்பட்ட டிரைவரையோ சாதனத்தையோ கண்டால் அது மேம்படுத்தலைத் தடுத்து, அறிக்கையில் எழுதிவிடும். அந்தத் தடையை எரிச்சலோடு நீக்கிவிட்டு முன்னேறுவதுதான் ஆபத்து.

தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரைத் தனியாக எடுத்து நிறுவியிருந்தால் வேறொரு வகைச் சிக்கல் எழும். அந்த மாட்யூல் ஒரு குறிப்பிட்ட கெர்னலுக்காகத் தொகுக்கப்பட்டது (கம்பைல் செய்யப்பட்டது). கெர்னல் மாறினால் மறுபடி தொகுக்க வேண்டும். டிகேஎம்எஸ் கருவி அதைத் தானாகச் செய்யும், ஆனால் புதிய கெர்னலின் ஹெடர் தொகுப்பு (தொகுக்கத் தேவையான கோப்புகள்) நிறுவப்பட்டிருந்தால் மட்டுமே. சிம்பல் (மாட்யூல் கெர்னலில் தேடும் பெயர்) தெரியவில்லை, சிம்பலின் பதிப்பு ஒத்துப்போகவில்லை என்று டிமெசேஜில் வந்தால் இதுதான். கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்றோ, 'ரிக்வயர்டு கீ நாட் அவைலபிள்' என்றோ வந்தால், மாட்யூலில் கையொப்பம் இல்லை அல்லது அந்தக் கையொப்பத்துக்குரிய சாவி கணினியில் பதியப்படவில்லை. மோக்யூட்டில் கருவியால் சாவியைப் பதிந்து, மறுதொடக்கத்தின்போது வரும் நீலத் திரையில் உறுதி செய்ய வேண்டும். சர்வர் தொலைவில் இருந்தால் அந்தத் திரையை அடைய கன்சோல் வசதி வேண்டும் என்பதை முன்கூட்டியே நினைவில் கொள்ளுங்கள். எல்ரெப்போ தொகுப்புகளுக்கும் இது பொருந்தும்.

டிரைவர் ஏறி, அட்டையை ஏற்று, அதன் பிறகு பிழை கொட்டினால் நான்காம் கண்ணியைப் பார்க்க வேண்டும். டிமெசேஜில் 'டிஎம்ஏஆர்' என்று தொடங்கும் பிழைகள் அட்டையின் பிசிஐ முகவரியுடன் வந்தால், ஐஓஎம்எம்யூ (சாதனங்களின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்தும் பகுதி) அந்த அட்டையின் நினைவக அணுகலைத் தடுக்கிறது. மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் பிராக்ஸ்மாக்ஸ் தளத்தின் 8.2 பதிப்பு 2024இல் 6.8 கெர்னலுடன் வந்தபோது, இன்டெல் ஐஓஎம்எம்யூ இயல்பாகவே இயங்கும் நிலைக்கு மாறியது. பழைய வன்பொருளில் இது சிக்கல் தரலாம் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே சொல்லப்பட்டிருந்தது. பூட் வரியில் இன்டெல் ஐஓஎம்எம்யூவை 'ஆஃப்' என்று கொடுத்தால் தீரும். மெய்நிகர் இயந்திரங்களுக்குச் சாதனங்களை நேரடியாக ஒப்படைக்கிறவர்கள் அப்படி அணைக்க முடியாது, அவர்கள் முதலில் பயாஸைப் புதுப்பித்துப் பார்க்க வேண்டும்.

சில நேரங்களில் குறை உண்மையிலேயே கெர்னலில் இருக்கும். 2023இல் 6.4 கெர்னலுக்கு மாறியவர்களில் அடாப்டெக் அட்டை வைத்திருந்த சிலருக்கு, ஏஏசிரெய்டு டிரைவர் 'ஹோஸ்ட் அடாப்டர் அபார்ட் ரிக்வெஸ்ட்' என்ற செய்தியைத் திரும்பத் திரும்பக் காட்டி உள்ளீடு-வெளியீடு உறைந்து நின்றது. அட்டை அனுப்பும் குறுக்கீடுகளை (இன்டரப்ட்) சிபியூக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையில் செய்த ஒரு மாற்றமே காரணம் என்று கண்டறியப்பட்டு, அந்த ஆண்டின் இறுதியில் அது திரும்பப் பெறப்பட்டது. அத்தகைய செய்தியைப் பார்த்து டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் பணமும் நாளும்தான் போயிருக்கும். பழைய கெர்னலில் அதே பளுவைக் கொடுத்துச் சில மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதே கெர்னல் குறையையும் டிஸ்க் பழுதையும் பிரித்தறியும் வழி. பழையதில் அமைதி, புதியதில் உறைவு என்றால், பழைய கெர்னலை இயல்பானதாக அமைத்துவிட்டு, விநியோகத்தின் பிழைப் பதிவகத்தில் தேடுங்கள்.

ஐந்தாம் கண்ணியான பெயர்ச் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹெச்பி ஸ்மார்ட் அரே அட்டைகளுக்கான சிசிஐஎஸ்எஸ் டிரைவர் 4.14 கெர்னலில் நீக்கப்பட்டு, அந்த வேலை ஹெச்பிஎஸ்ஏ டிரைவருக்குப் போனது. அதனால் சிசிஐஎஸ்எஸ் அடைவுக்குள் சி0டி0 என்று இருந்த டிஸ்க் எஸ்டிஏ என்று மாறியது. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் பூட் வரியிலும் பழைய பெயரை எழுதி வைத்திருந்தவர்களுக்கு டிஸ்க் கண் முன்னே இருந்தும் சர்வர் எழவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கன்ட்ரோலர் உள்ள கணினியில் டிரைவர்கள் ஏறும் வரிசை மாறி எஸ்டிஏவும் எஸ்டிபியும் இடம் மாறுவதும் இதே வகைதான். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடியை எல்லா இடத்திலும் எழுதிவிட்டால் இந்தக் கண்ணி மறுபடி அறுவதற்கு வாய்ப்பு குறைவு. பெரிய டிஸ்க் பெட்டிகள் சுழன்று தயாராக அதிக நேரம் எடுக்கும் இடங்களில் 'ரூட்டிலே' அளவுருவால் சில விநாடிகள் காத்திருக்கச் சொல்வதும் உதவும்.

சிக்கல் தீரும்வரை அந்தப் பழைய கெர்னலைத் தற்செயலாக இழந்துவிடாதீர்கள். தொகுப்பு நிறுவிகள் சில கெர்னல்களை மட்டுமே வைத்துக்கொண்டு பழையதை நீக்கும். ரெட்ஹாட் வகையின் டிஎன்எஃப் நிறுவியில் அந்த எல்லை வழக்கமாக 3. சிக்கலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மேலும் இரண்டு மேம்படுத்தல்கள் வந்தால், ஓடக்கூடிய ஒரே கெர்னல் பட்டியலிலிருந்து போய்விடக்கூடும். வேலை முடியும்வரை கெர்னல் தொகுப்பை மேம்படுத்தலிலிருந்து விலக்கி வையுங்கள்.

இவ்வளவும் பார்த்த பின்னும் புரியவில்லையென்றால், எல்எஸ்பிசிஐ காட்டிய அட்டை வரியும் எண்ணும், இரு கெர்னல்களின் முழுப் பதிப்பு, புதிய மாட்யூலின் ஏலியாஸ் வரிகளில் அந்த எண் உண்டா இல்லையா என்பது, புதிய கெர்னலின் டிமெசேஜில் அந்த டிரைவரின் பெயர் வரும் வரிகள் ஆகிய நான்கையும் எழுதுங்கள். ஷெல்லில் நகலெடுக்க முடியாவிட்டால் திரையைப் படம் பிடித்தாலும் போதும். கடைசி வரியை மட்டும் எடுக்காமல், டிரைவரின் பெயர் முதன்முதலில் வரும் இடத்திலிருந்து எடுங்கள்.